கார்த்திகை மாதத்து மலை மேகம்

1950 டிசம்பர் 13ஆம் நாள், கோவையை நோக்கி வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா நிறுவனத்தின் டகோட்டா விமானம் ஒன்று நீலகிரியில் கோத்தகிரி அருகே மலையில் மோதியது. 17 பயணிகளும் 4 ஊழியர்களுமாக அதில் இருந்த 21 பேரும் இறந்தனர். விமானத்தின் பதிவெண் விடி-சிஎஃப்கே. விபத்துப் பதிவேடுகள் காரணத்தை ‘வழியறிதலில் பிழை’ என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. இறந்தவர்களுள் ஒருவர் புள்ளியியல் மேதை ஆபிரகாம் வால்டு. உலகம் இந்த விபத்தை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அவரால்தான். தமிழகத்தைப் பொறுத்தவரை அதற்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. 1971 டிசம்பர் 9இல் சின்னமனூர் அருகே ஓர் ஆவ்ரோ விமானமும், 2021 டிசம்பர் 8இல் குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்றும் இதே முறையில் மலையில் மோதின. மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பக்கத்தில் நிகழ்ந்தவை. மூன்றும் கார்த்திகை மாதத்தில் நிகழ்ந்தவை.

நீலகிரி சமவெளியிலிருந்து படிப்படியாக உயரும் மலையன்று. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே மலை ஏறக்குறையச் சுவராக எழும்பி, 1,800 மீட்டருக்கு மேல் ஒரு மேட்டுநிலமாக விரிகிறது. அந்த மேட்டுநிலத்தின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கிழக்குக் கோடியில், கோத்தகிரிக்கும் சமவெளிக்கும் இடையே நிற்பது ரங்கசாமி மலை. அதன் உயரம் சுமார் 1,785 மீட்டர். அருகே ரங்கசாமி தூண் என்னும் தனிப்பாறை ஏறத்தாழ 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. காரமடையில் குடியிருந்த ரங்கசாமி, மனைவியோடு பிணங்கிக்கொண்டு இங்கே வந்து தனியே அமர்ந்தார் என்பது ஊர்க்கதை. மலைமேல் பூசை செய்பவர்கள் இருளர்கள். கோடநாடு காட்சிமுனையில் நிற்பவருக்கு இந்தத் தூணும் அதன் கீழே மாயாறு பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா வயல்களும் தெரியும். தெரிவது மேகம் இல்லாத நாட்களில் மட்டும்.

ஊட்டிக்கும் அதற்கு மேற்கே உள்ள பகுதிகளுக்கும் ஆனி ஆடியில் வரும் தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கோ ஐப்பசி, கார்த்திகை மழை முக்கியமானது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து வந்து கிழக்குச் சரிவில் முட்டுகிறது. மேற்கொண்டு செல்ல வேறு வழியில்லாமல் ஏறுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது. கீழே மேட்டுப்பாளையத்தில் இருப்பவருக்கு மலையின் தலையில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதாகத் தோன்றும். மேலே இருப்பவருக்கு அதுவே பத்தடி தூரத்து மரத்தையும் மறைக்கும் மூட்டம். சமவெளியில் வானம் ஓரளவு திறந்திருக்கும் அதே நேரத்தில் மலைச்சரிவு முழுவதும் மேகத்துக்குள் இருக்கலாம். பள்ளத்தாக்கு வழியாக ஏறும் மேகம் சில நிமிடங்களில் வந்து மூடும், சில நிமிடங்களில் விலகவும் செய்யும். 2009 நவம்பரில் குன்னூரிலும் கேத்தியிலும் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியதும் இதே வடகிழக்குப் பருவமழைதான்.

கோவைக்கு விமானம் ஓட்டுவதில் உள்ள சிக்கல் இந்த மலையிலிருந்தே தொடங்குகிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே பாலக்காட்டுக் கணவாய். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் விமானத்துக்குப் பாதை தாழ்வானது. வடமேற்கிலிருந்து வரும் விமானத்துக்கு அந்த வசதி இல்லை. பம்பாயையும் பீளமேடு விமான நிலையத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு ஏறக்குறையக் கோத்தகிரியின் தலைக்கு மேலாகவே செல்லும்.

கணக்கு இப்படிப் போகிறது. கோத்தகிரியிலிருந்து பீளமேடு வான்வழியில் சுமார் 45 கிலோமீட்டர். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் டகோட்டாவுக்கு இது 11 நிமிடத் தொலைவு. தொட்டபெட்டாவின் உயரம் 8,650 அடி. அதைப் பத்திரமாகத் தாண்ட 9,500 அடியிலாவது பறக்க வேண்டும். பீளமேடு ஓடுபாதை இருப்பதோ 1,300 அடியில். 8,000 அடிக்கு மேல் இறங்கியாக வேண்டும். டகோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு கிடையாது என்பதால், பயணிகளின் காது வலிக்காமல் இறங்க நிமிடத்துக்கு 500 அடிதான் வசதி. அதற்கு 16 நிமிடம் பிடிக்கும். ஆக, 11 நிமிடத் தொலைவில் 16 நிமிட இறக்கத்தை முடிக்க வேண்டும். மலையை முழுதும் தாண்டிவந்து சமவெளியின் மேல் வட்டமிட்டு இறங்கலாம். மலையைக் கிழக்கே சுற்றிக்கொண்டு வரலாம். அல்லது மலைக்கு மேல் இருக்கும்போதே இறங்கத் தொடங்கலாம். வானம் தெளிந்திருந்தால் மூன்றில் எதைச் செய்தாலும் ஆபத்தில்லை, மலை கண்ணில் படும். மேகத்துக்குள் பறப்பவருக்கு முதல் இரண்டும் மட்டுமே பாதுகாப்பு. அவற்றுக்கும் மலை எங்கே முடிந்து சமவெளி எங்கே தொடங்குகிறது என்ற உறுதியான அறிவு வேண்டும். 1950இல் அந்த அறிவைத் தரக்கூடிய கருவி விமானத்தில் இருக்கவில்லை.

தென்னகத்தின் பயணிகள் விமானப் போக்குவரத்துக்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து அதை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1935இல் பம்பாய்–திருவனந்தபுரம் வாராந்தரச் சேவை தொடங்கியது. இவை எல்லாம் ஒரு சிலர் மட்டுமே உட்காரக்கூடிய சிறு விமானங்கள். நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப்போர். போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் இந்தியாவில் விட்டுச்சென்ற டகோட்டாக்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. புதிய விமான நிறுவனங்கள் வரிசையாக முளைத்தன. 1949 ஜனவரியில் நாகபுரியை நடுவாக வைத்துத் தொடங்கிய இரவுத் தபால் சேவையும் டகோட்டாக்களை நம்பியே நடந்தது.

டகோட்டா என்பது டிசி-3 பயணிகள் விமானத்தின் இராணுவ வடிவம். இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். 21 முதல் 28 பேர் அமரலாம். இராணுவத்துக்கென்று மட்டும் 10,000க்கு மேல் செய்யப்பட்டன. கரடுமுரடான ஓடுபாதையிலும் இறங்கும், ஒற்றை எஞ்சினோடும் தாக்குப்பிடிக்கும் என்று பெயர் வாங்கிய விமானம். அதன் வலிமையெல்லாம் எஞ்சினிலும் இறக்கையிலும் இருந்தது. வழி கண்டுபிடிக்க விமானியிடம் இருந்தவை திசைகாட்டி, கடிகாரம், வேகமானி, உயரமானி, தரைநிலைய வானொலி அலை வரும் திசையைக் காட்டும் கருவி ஆகியவைதான். இத்தனை நேரம் இந்தத் திசையில் இந்த வேகத்தில் பறந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம் என்று கணக்கிடுவதே வழக்கம். கணக்கைக் காற்று கெடுக்கும். பக்கவாட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, கவனிக்காமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் விமானத்தை 30 கிலோமீட்டர் ஒதுக்கிவிடும். தரை தெரிந்தால் ஆற்றையோ ரயில் பாதையையோ பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேகத்துக்கு மேல் அதற்கு வாய்ப்பில்லை.

உயரமானியும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. அது அளப்பது உயரத்தை அன்று, காற்றழுத்தத்தை. வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவாகும் கார்த்திகையில் அழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால், சரிசெய்யப்படாத உயரமானி விமானத்தை ஏறத்தாழ 300 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதாகக் காட்டும். சரியாக இயங்கினாலும் அது சொல்வது கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்பதையே. கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

1950ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் இந்திய விமானத்துறைக்குக் கொடியவை. கோத்தகிரி விபத்துக்குச் சரியாக 40 நாள் முன்பு, நவம்பர் 3இல், ஏர்-இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதி 48 பேர் இறந்திருந்தனர். பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் சென்ற அந்த விமானத்தின் பயணிகளில் பெரும்பாலோர் கப்பல் தொழிலாளர்கள். ஏர் இந்தியா உள்நாட்டு நிறுவனம், ஏர்-இந்தியா இன்டர்நேஷனல் அதன் வெளிநாட்டுக் கிளை. இரண்டுக்கும் பின்னால் இருந்தது டாடா குழுமம். ஆறு வாரத்துக்குள் இரண்டு விமானங்கள், இரண்டு மலைகள். 1953இல் விமானத்துறை நாட்டுடைமையானபோது உள்நாட்டு நிறுவனங்கள் எட்டும் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே குடைக்குள் வந்தன.

கோத்தகிரியில் இறந்த வால்டுக்கு வயது 48. 1902இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்றைய ருமேனியாவின் குளூஜ் நகரில், ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சனிக்கிழமைகளில் பள்ளிக்குப் போகச் சமயம் இடம் தராததால் வீட்டிலேயே படித்தார். 1931இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. பொருளாதார ஆய்வில் இடம்பிடித்தார். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவருடைய குடும்பத்தார் பெரும்பாலோர் யூத இனப்படுகொலையில் மாண்டனர்.

போர்க்காலத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக்குழுவில் அவர் செய்த வேலைகளில் இரண்டு நிலைத்தவை. ஒன்று தொடர்நிலைச் சோதனை முறை. ஒரு சரக்கு நல்லதா என்று அறிய எத்தனை மாதிரிகளைச் சோதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போய், போதிய சான்று சேர்ந்த கணத்தில் நிறுத்திக்கொள்வது. போரின்போது இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்ட இந்த முறை 1947இல் நூலாக வெளிவந்தது. அதில் தம் கருத்துக்கு ஒரு முன்னோடியாக வால்டு குறிப்பிட்டது, வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை அளக்க பி.சி. மகாலனோபிஸ் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பை. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு தொடங்கப்பட்ட 1950இல், இந்திய அரசின் அழைப்பின் பேரில் வால்டு சொற்பொழிவுப் பயணம் வந்ததற்குப் பின்னணி இதுவே. கல்கத்தாவில் மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தங்கிய அவர், 1951 ஜனவரியில் பெங்களூரில் கூடவிருந்த இந்திய அறிவியல் மாநாட்டில் கலந்துகொள்வதாக இருந்தது. உடன் வந்த மனைவியும் அதே விமானத்தில் இறந்தார். குழந்தைகள் இருவரும் அமெரிக்காவில் இருந்தனர்.

இரண்டாவது வேலை போர்விமானங்களைப் பற்றியது. குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களில் ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று இராணுவம் எண்ணிக்கொண்டிருந்தது. ஓட்டை அதிகம் உள்ள இடத்தில் கவசத் தகடு பொருத்துவோம் என்றார்களாம் அதிகாரிகள், ஓட்டையே இல்லாத இடத்தில் பொருத்துங்கள் என்றாராம் வால்டு. மேலாண்மை வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் கதை. சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் ஒன்றும் கூடவே காட்டப்படும். அந்தப் படம் இந்த நூற்றாண்டில் வரையப்பட்டது. 1943இல் வால்டு எழுதிய குறிப்புரைகள் 1980இல் வெளியிடப்பட்டன. அவற்றில் இருப்பது நாடகத்தனமான ஒரு பதிலன்று, பொறுமையான நிகழ்தகவுக் கணக்கு. 400 விமானங்கள் போகின்றன, 320 அடியே படாமல் திரும்புகின்றன, 20 திரும்பவில்லை என்று ஓர் எடுத்துக்காட்டு. எஞ்சின், உடற்பகுதி, எரிபொருள் அமைப்பு, பிற பாகங்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அடி விழுந்தால் விமானம் வீழ வாய்ப்பு எவ்வளவு என்று, திரும்பிவந்தவற்றை மட்டும் வைத்தே அவர் கணக்கிட்டார். திரும்பாத விமானம் எதையும் சொல்லாது, அதன் மௌனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது முறையின் சாரம்.

அந்தக் கணக்கின் அடிப்படை அனுமானங்களில் ஒன்று, அடி படாத விமானம் கட்டாயம் திரும்பிவிடும் என்பது. எஞ்சின் கோளாறாலோ மேகத்தாலோ மலையாலோ தொலையும் விமானம் அதில் கிடையாது. கணிதத்துக்கு அப்படி ஒரு எளிமை தேவைப்பட்டது, போர்க்களத்துக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்தது. கோத்தகிரிக்குப் பொருந்தவில்லை.

வால்டின் கடைசி நூலான முடிவெடுப்புச் சார்புகள் பற்றிய ஆய்வும் 1950இலேயே வெளிவந்தது. 1955இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அவருடைய பணியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பதில் சொல்ல வால்டு இல்லை. மறு ஆண்டு அவருக்காக வாதாடியவர் இன்னொரு புள்ளியியலாளரான நெய்மன்.

மலையில் மோதிய விமானத்தைப் பேசவைக்க 1950இல் வழி குறைவு. சிதறிய பாகங்கள், தரைநிலையத்தின் வானொலிக் குறிப்பேடு, வானிலைக் குறிப்பு, சத்தம் கேட்டவர்களின் சாட்சியம் ஆகியவற்றைக்கொண்டே விசாரணை நடக்கும். விமானியறைப் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் பதிந்து வைக்கும் பெட்டியைப் பற்றி ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரன் 1950களின் நடுவில்தான் யோசிக்கத் தொடங்கினார். கருப்புப் பெட்டி என்று பெயர் பெற்ற அது பயணிகள் விமானங்களில் கட்டாயமானது 1960களில். பதிவு இல்லாத விபத்துகளுக்கு ‘வழியறிதலில் பிழை’ என்பது பல நேரம் விளக்கமாக இருப்பதில்லை. விமானம் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது என்பதையே வேறு சொற்களில் சொல்கிறது.

1971 டிசம்பர் 9 விபத்து கோத்தகிரியை அப்படியே ஒத்தது. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்த ஆவ்ரோ வகை விமானம், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு உரியது. மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. பட்டப்பகல்தான், ஆனால் பார்வைத்தூரம் குறைந்திருந்தது. மதுரைக்கு ஏறத்தாழ 50 மைல் முன்பே சின்னமனூர் அருகே உயர்ந்த மலைப்பகுதியில் மோதியது. 4 ஊழியர்களும் 17 பயணிகளும் இறந்தனர். எண்ணிக்கை கோத்தகிரியிலும் இதேதான். இங்கே 10 பயணிகள் உயிர்தப்பினர். சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இருபுறமும் மலைகளால் சூழப்பட்டது, மேகமலை என்ற பெயரே அங்கே ஒரு மலைக்கு உண்டு. இறக்கத்தை எங்கே தொடங்குவது என்ற பழைய கேள்வி, புதிய எஞ்சின் வந்த பிறகும் தீரவில்லை.

விடை வேறு நாடுகளில் நேர்ந்த சாவுகளால் வந்தது. 1974 டிசம்பர் 1இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மோசமான வானிலையில் இறங்கவந்த டிடபிள்யூஏ விமானம் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தனர். மூன்று நாள் கழித்து இலங்கையின் மஸ்கெலியாப் பகுதியில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் மலையகத்தில், சப்த கன்னியர் மலையில் மார்ட்டினேர் விமானம் மோதியது. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் சென்ற பயணிகள் உட்பட 191 பேர் இறந்தனர். கொழும்பில் இறங்க வந்த விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்திருந்தார்கள். தரை நெருங்குவதை ரேடியோ அலையால் அளந்து எச்சரிக்கும் கருவி அப்போதே இருந்தது. அமெரிக்க அரசு பெரிய பயணிகள் விமானங்களில் அதைக் கட்டாயமாக்கியது இந்த விபத்துகளுக்குப் பிறகுதான். அந்தக் கருவி நேர் கீழே உள்ள தரையைத்தான் கண்டது, எதிரே செங்குத்தாக எழும் பாறையைக் காணவில்லை. உலகின் மலை உயரங்களை நினைவில் வைத்துக்கொண்டு முன்னால் வருவதைச் சொல்லும் கருவி 1990களின் நடுவில் வந்தது. வழக்கமான பயணிகள் சேவையில் மலையில் மோதும் விபத்து அதன் பின் வெகுவாகக் குறைந்தது.

மலைப்பள்ளத்தாக்குகளில் கண்ணால் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டரின் நிலை வேறு. 2021 டிசம்பர் 8 காலை 11:48க்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் ஒன்று புறப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேர் அதில் இருந்தனர். வெலிங்டன் இராணுவக் கல்லூரியில் 12:15க்கு இறங்க வேண்டும். 12:08க்குத் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பச் சத்திரத்தில் மரங்களின் மேல் விழுந்து எரிந்தது. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டு முதலில் ஓடிவந்தவர்கள் அந்தக் குடியிருப்பின் மக்கள். 13 பேர் அன்றே இறந்தனர், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்துப் பெங்களூரில் இறந்தார். மலை ரயில் பாதை அருகே நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த கைபேசிக் காணொளியில், ஹெலிகாப்டர் மூட்டத்துக்குள் நுழைந்து மறைவது தெரிகிறது.

இந்த முறை கருப்புப் பெட்டி மறுநாளே கிடைத்தது. 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட முடிவு, இயந்திரக் கோளாறு, சதி, அசட்டை மூன்றையும் விலக்கியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானி திசையும் நிலையும் அறியும் உணர்வை இழந்தார், கட்டுப்பாட்டில் இருந்தபடியே அது தரையில் மோதியது என்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு முன்வைத்த அறிக்கையின் விபத்துப் பட்டியலில், இதே நிகழ்வுக்கு எதிரே காரணமாகக் குறிக்கப்பட்டது விமானக் குழுவினரின் மனிதப் பிழை.